காவலுக்கு வச்சதே வாசலை அடைச்சா? பழைய லேப்டாப்பும் ரெண்டு ஆன்டிவைரஸும்

வாசகி எழுதின கடிதம் நீளமானது, அடையாளம் தெரியற விஷயங்களை எடுத்துட்டு சுருக்கித் தர்றேன். இவங்க வீட்ல இருந்தே புத்தகங்களுக்கு புரூஃப் பார்க்கிறாங்க. பத்து வருஷத்து லேப்டாப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணினா வேர்டு ஃபைல் திறக்கற நிலைக்கு வர்றதுக்கே இருபது நிமிஷம் ஆகுது. "பட்டனை அமுக்கிட்டு குளிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு"ன்னு எழுதியிருக்காங்க. வாங்கும்போதே கூட வந்த ஆன்டிவைரஸ் ஒன்னு இருக்கு, அதுக்கு வருஷா வருஷம் கார்டுல இருந்து தானா பணம் போகுது. போன வருஷம் அக்கா பையன் இலவச ஆன்டிவைரஸ் ஒன்னும், கம்ப்யூட்டரை வேகமாக்கும்னு ஒரு பூஸ்டரும் போட்டுக் கொடுத்திருக்கான், அதுக்கப்புறம் நிலைமை இன்னும் மோசம். தினமும் வலது பக்கம் கீழ் மூலையில "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது"ன்னு ஒரு பெட்டி வேற வருது. தம்பி சொல்றார், எல்லா ஆன்டிவைரஸையும் தூக்கிடு, இல்லன்னா சி டிரைவை முழுசா எக்ஸ்க்ளூஷன்ல, அதாவது ஆன்டிவைரஸ் பார்க்காம விடற பட்டியல்ல, போட்டுடுன்னு. சர்வீஸ் கடைக்காரர் சொல்றார், இது பழசாயிடுச்சு புதுசு வாங்குங்கன்னு. இதே லேப்டாப்லதான் பாங்க் வேலையும், பொண்ணோட ஆன்லைன் கிளாஸும். இவங்க கேக்கறது: ஆன்டிவைரஸை எடுத்தா ஆபத்தா? எடுக்காமலே வேகமாக்க வழி இருக்கா? இல்ல, இந்த லேப்டாப்போட காலமே முடிஞ்சிடுச்சா?

வணக்கம்ங்க. "எனக்கு கம்ப்யூட்டர் பத்தி ஒன்னும் தெரியாது, தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கங்க"ன்னு கடைசியில எழுதியிருக்கீங்க, அந்த வரியே தேவையில்லங்க. எந்த புரோகிராம் எவ்வளவு வேலை வாங்குதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்து, சிபியு 30, டிஸ்க் 100 சதவீதம்னு குறிச்சு அனுப்பியிருக்கீங்க பாருங்க, என்கிட்ட லேப்டாப்பைத் தூக்கிட்டு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த ஒரு காரியத்தைச் செய்றதில்ல. நீங்க குறிச்ச அந்த ரெண்டு நம்பர்லயே பாதி விடை இருக்கு.

முதல்ல நேரடியா பதில் சொல்லிடறேன், அப்புறம் விளக்கறேன். ஆன்டிவைரஸ் எதுவுமே இல்லாம இருக்கக் கூடாது, ஆனா ஒன்னுக்கு மேல இருக்கவும் கூடாது. அந்த பூஸ்டர் கண்டிப்பா போகணும். லேப்டாப்பைத் தூக்கிப் போட இப்போ அவசியம் எதுவும் எனக்குத் தெரியல. ஆனா இதுல எதைத் தொடறதுக்கு முன்னாடியும் உங்க ஃபைல் எல்லாத்தையும் வெளியில ஒரு இடத்துல எடுத்து வைக்கணும், அது ஏன்னு கீழ சொல்றேன்.

ஏன் இப்படி இழுக்குது

ஆன்டிவைரஸ்னா அப்பப்போ ஸ்கேன் ஓட்டற ஒரு சாஃப்ட்வேர்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க, "நான் ஸ்கேனே ஓட்டல, அப்புறம் ஏன் டிஸ்க் ஓடுது"ன்னு. அதோட முக்கியமான வேலை ஸ்கேன் பட்டன்ல இல்லங்க. எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் திறக்கக் கேட்டாலும் விண்டோஸ் அந்தக் கோரிக்கையை ஒரு கணம் நிறுத்தி வச்சு, ஆன்டிவைரஸோட டிரைவர்கிட்ட (விண்டோஸுக்குள்ள ஆழமா உக்காந்திருக்கற அதோட பகுதி) "இதை விடலாமா"ன்னு கேட்டுட்டுதான் விடும். நீங்க வேர்டு ஐகானை ஒரு தடவை கிளிக் பண்றீங்க, உங்களுக்கு அது ஒரு ஃபைல், ஆனா உள்ளுக்குள்ள நூத்துக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் திறக்குது, ஒவ்வொன்னும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகணும்.

இப்போ அந்த வாசல்ல ரெண்டு காவல்காரங்க நிக்கறாங்கன்னு வச்சுக்கங்க. முதல் ஆள் ஃபைலைத் திறந்து சோதிக்கிறார். அவர் திறந்ததைப் பார்த்த ரெண்டாவது ஆள், "யாரோ ஒரு ஃபைலைத் திறக்கறாங்க"ன்னு தன் பங்குக்கு அதையே திரும்பச் சோதிக்கிறார். ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெட்டிப்புப் பாதுகாப்புன்னு அக்கா பையன் நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பான், அவன் மேல கோவப்படாதீங்க, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. நடைமுறையில பாதுகாப்பு ரெட்டிப்பாகறதில்ல, வேலைதான் ரெட்டிப்பாகுது, சில சமயம் ஒன்னு பிடிச்சு தனியா அடைச்சு வச்ச ஃபைலை இன்னொன்னு வைரஸ்னு சொல்லி ரெண்டும் முட்டிக்கிறதும் உண்டு.

ஆனா முழுப் பழியையும் ஆன்டிவைரஸ் மேலயே போடறதும் சரியில்லங்க. உங்க லேப்டாப்ல இருக்கற ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தற வகையா இருக்கும், பழைய லேப்டாப்ல அதுதான் வழக்கம். ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். தேடற இடம் சுத்தி வர்றதுக்கு சராசரியா அரைச் சுத்து, அதாவது அஞ்சரை மில்லி செகண்ட், அது போக படிக்கற முள் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகர ஒரு பத்து மில்லி செகண்ட்னு வச்சுக்கங்க, ஆக மொத்தம் ஒரு செகண்டுக்கு அறுபது, எழுபது இடத்துலதான் அதால படிக்க முடியும். ரெண்டாயிரம் துண்டு படிக்கணும்னா அரை நிமிஷம். காலையில ஆன் பண்ணினதும் விண்டோஸ் அப்டேட், சர்ச் இண்டெக்ஸ், ரெண்டு ஆன்டிவைரஸ், பூஸ்டர், பிரவுசர் எல்லாம் ஒரே நேரத்துல அந்த ஒரே முள்ளைப் பிடிச்சு இழுக்குது. சிபியு 30-ல சும்மா உக்காந்திருக்க டிஸ்க் மட்டும் 100-ல நிக்குதுன்னு நீங்க பார்த்தீங்களே, அதோட அர்த்தம் இதுதான். மூளை காத்துக்கிட்டு இருக்கு, கைதான் ஒழியல.

கூடவே 4 ஜிபி ரேம். விண்டோஸும் பிரவுசரும் ஆன்டிவைரஸும் சேர்ந்து அதை நிரப்பிடுச்சுன்னா, மிச்சத்தை விண்டோஸ் அதே டிஸ்க்ல கொண்டுபோய் வைக்கும். ஏற்கனவே நெரிசல், அதுல இந்தச் சுமையும் சேர்ந்துடும்.

முதல் வேலை: டிஸ்க் நல்லா இருக்கான்னு பாருங்க

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆசிரியை லேப்டாப் கொண்டு வந்தாங்க, உங்க மாதிரியே டிஸ்க் 100, பெரிய ஆன்டிவைரஸ் ஒன்னு ஓடிட்டு இருந்துச்சு. நான் பார்த்த உடனே இதுதான் காரணம்னு முடிவு பண்ணி அதை எடுத்தேன், விண்டோஸ் கூடவே வர்ற டிஃபெண்டர்ங்கற ஆன்டிவைரஸை உயிர்ப்பிச்சேன், முழு ஸ்கேன் போட்டு ராத்திரி விட்டுட்டுப் போனேன். காலையில வந்து பார்த்தா ஸ்கிரீன் கருப்பு, உள்ள இருந்து டக்... டக்... டக்னு ஒரே சீரா சத்தம். டிஸ்க் ஏற்கனவே செத்துக்கிட்டு இருந்திருக்கு, மெதுவா இருந்ததுக்கு அதுதான் காரணம், நான் ராத்திரி முழுக்க அதை ஓட விட்டு மிச்ச உயிரையும் எடுத்துட்டேன். அவங்க அப்பாவோட கடைசி வருஷப் போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு, வேற எங்கயும் இல்ல. அதை அவங்ககிட்ட சொன்ன அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கல. அன்னையில இருந்து எந்த லேப்டாப் மெதுவா இருக்குன்னு வந்தாலும் முதல்ல டிஸ்க்கோட உடம்பைத்தான் பார்ப்பேன்.

நீங்களே பார்க்கலாம். முதல்ல ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல புரூஃப் ஃபைல், போட்டோ, பொண்ணோட பாடம் எல்லாத்தையும் காப்பி பண்ணுங்க, காப்பி ஆனதும் நாலஞ்சு ஃபைலை அதுல இருந்தே திறந்து பார்த்துட்டு, கழட்டி அலமாரியில வச்சிடுங்க. எப்பவும் மாட்டியே வச்சிருந்தா ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்கற வைரஸ், வந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும். அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச டூல், அதை அவங்க சொந்த சைட்ல இருந்து மட்டும் எடுத்து ஓட்டுங்க. மேல ஹெல்த் ஸ்டேட்டஸ் "குட்"னு நீலமா இருந்தா நிம்மதி. "காஷன்"னு மஞ்சளா இருந்தா, இல்ல கீழ பட்டியல்ல "ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்", "கரன்ட் பெண்டிங் செக்டார்" ரெண்டுல எதுலயாவது ரா வேல்யூ கட்டத்துல சைபரைத் தவிர வேற ஏதாவது இருந்தா, கீழ நான் சொல்ற ஸ்கேன் எதையும் ஓட்டாதீங்க, டிஸ்க்கை மாத்தறதுதான் முதல் வேலை.

ஃபேன் சத்தம் பத்தியும் எழுதியிருந்தீங்க. பத்து வருஷம் திறக்காத லேப்டாப்னா ஃபேனுக்கும் அந்தச் செம்புக் குழாய் முடியற இடத்துல இருக்கற தகட்டுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், விரலால உரிச்சு எடுக்கலாம், அவ்வளவு கெட்டியா இருக்கும். சூடு ஏறினா சிபியு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். டிஸ்க் மாத்தறப்போ அதையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, தனியா அதுக்குன்னு அலைய வேண்டாம்.

மூலையில வர்ற "5 வைரஸ்" பெட்டி

நீங்க அதோட போட்டோ அனுப்பினது ரொம்ப நல்லதாப் போச்சு. பெட்டியோட கீழ் வரியில சின்ன எழுத்துல ஒரு சைட் முகவரியும், பக்கத்துல பிரவுசரோட சின்ன அடையாளமும் இருக்கு. அதாவது இதை அனுப்பறது உங்க ரெண்டு ஆன்டிவைரஸ்ல எதுவும் இல்லங்க. எப்பவோ ஒரு சைட்ல "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா"ன்னு கேட்டதுக்கு யாரோ "அலோ" அமுக்கியிருக்காங்க, பாட்டு டவுன்லோட் பண்ற சைட், படம் பார்க்கற சைட் இதுல எல்லாம் இது சகஜம், அந்த சைட் இப்போ பயமுறுத்தி விளம்பரம் அனுப்புது. அதை கிளிக் பண்ணாதீங்க. பிரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ்னு தேடினா அனுமதி வாங்கின சைட் பட்டியல் வரும், தெரியாத எல்லாத்தையும் ரிமூவ் பண்ணுங்க, அன்னைக்கே நின்னுடும். இதை நம்பி மூணாவதா ஒரு ஆன்டிவைரஸ் வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன்.

இதே குடும்பத்துல இன்னொன்னு, ஸ்கிரீன் முழுக்க சிவப்பா வந்து சத்தம் போட்டு "உடனே இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க"ங்கும். மைக்ரோசாஃப்ட் எரர் மெசேஜ்ல போன் நம்பர் போடறதே கிடையாது, இதை அவங்களே சொல்லியிருக்காங்க. நம்பர் இருந்தாலே ஏமாத்து வேலைன்னு பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க. ஆல்ட்டும் எஃப் 4-ம் அமுக்கி மூடுங்க, மூடலன்னா டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை எண்ட் டாஸ்க் கொடுங்க.

எதை எடுக்கறது, எதை வைக்கறது

தம்பி சொல்றதுல பாதி சரி. "காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கியே ஆகணும்னு இல்ல"ங்கற வரைக்கும் சரி. விண்டோஸ் 8-ல இருந்து டிஃபெண்டர் விண்டோஸ் கூடவே வருது. நீங்க வேற ஆன்டிவைரஸ் போட்டா அது தானா ஒதுங்கிக்கும், மத்ததை எடுத்தா தானா எழுந்துக்கும். ஏவி டெஸ்ட், ஏவி கம்பேரடிவ்ஸ் மாதிரி சோதனை பண்ற அமைப்புகள்ல வைரஸைப் பிடிக்கறதுல அது பல வருஷமா காசு சாஃப்ட்வேர்களோட சரிசமமா மார்க் வாங்குது. இருக்கறதுலயே லேசானது அதுதான்னு நான் சொல்ல மாட்டேன், காசு கொடுத்து வாங்கறதுல சிலது அதைவிட லேசா ஓடும். ஆனா உங்க சூழ்நிலையில தனியா பணமும் கட்ட வேண்டாம், புதுப்பிக்கவும் வேண்டாம், விளம்பரப் பெட்டியும் கிடையாது, அதனால ரெண்டையும் எடுத்துட்டு டிஃபெண்டரோட இருங்கன்னுதான் சொல்வேன்.

தம்பி சொன்ன மிச்சப் பாதி, எதுவுமே வேண்டாம், இல்லன்னா சி டிரைவையே எக்ஸ்க்ளூஷன்ல போடுங்கறது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான். எக்ஸ்க்ளூஷன்னா "இந்த இடத்தைப் பார்க்காதே"ன்னு காவல்காரர்கிட்ட சொல்றது. வர்ற வைரஸ் உக்கார்றதே சி டிரைவ்லதான், டவுன்லோட்ஸ், டெம்ப் ஃபோல்டர்லதான். பாங்க் வேலை நடக்கற மெஷின்ல அதைச் செய்யவே செய்யாதீங்க. நம்பகமான ஒரு பெரிய சாஃப்ட்வேர் தினமும் ஆயிரக்கணக்கான ஃபைல் எழுதுது, அதோட ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்கறதுன்னா அது வேற விஷயம். புரூஃப் வேலைக்கு அது தேவைப்படாது.

எடுக்கற முறையில நிறைய பேர் தப்பு பண்றாங்க, ஐகானை டெலீட் பண்ணிட்டு எடுத்தாச்சுன்னு நினைச்சுக்கறாங்க. இந்த வரிசையில செய்யுங்க:

முதல்ல, காசு கட்டற ஆன்டிவைரஸோட சைட்ல உங்க அக்கவுன்ட்ல போய் ஆட்டோ ரினியூவலை ஆஃப் பண்ணுங்க. இது ரொம்ப முக்கியம், லேப்டாப்ல இருந்து சாஃப்ட்வேரை எடுத்தா சந்தா நிக்காது, அது தனி, இது தனி. நிறுத்தினதுக்கு மெயில் வந்தா பத்திரமா வைங்க. சமீபத்துலதான் பணம் போயிருக்குன்னா அதே பக்கத்துல ரீஃபண்ட் விதி என்னன்னு படிங்க, சில கம்பெனி குறிப்பிட்ட நாளுக்குள்ள கேட்டா திருப்பித் தர்றாங்க, கேக்கறது உங்க உரிமை, கூச்சப்படாதீங்க. அதுக்கப்புறமும் பணம் போச்சுன்னா அந்த மெயிலைக் காட்டி கார்டு கொடுத்த பாங்க்ல புகார் கொடுங்க.

அடுத்தது, ரெண்டு ஆன்டிவைரஸ் கம்பெனியும் தங்களோடதை முழுசா துடைக்க தனியா ரிமூவல் டூல் வச்சிருக்காங்களான்னு அவங்க சைட்லயே தேடி முன்னாடியே இறக்கி வைங்க, பெரிய கம்பெனிகள்ல பலதுலயும் இருக்கு. நெட்டை கட் பண்ணிட்டு செட்டிங்ஸ், ஆப்ஸ்ல போய் பூஸ்டரை எடுங்க, ரீஸ்டார்ட். இலவச ஆன்டிவைரஸை எடுங்க, ரீஸ்டார்ட். காசு ஆன்டிவைரஸை எடுங்க, ரீஸ்டார்ட். அப்புறம் அந்த ரிமூவல் டூல் ரெண்டையும் ஓட்டுங்க. ஒவ்வொன்னுக்கும் நடுவுல ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றது சும்மா இல்லங்க, இதெல்லாம் விண்டோஸோட அடி மட்டத்துல டிரைவரா உக்காந்திருக்கற சாஃப்ட்வேர். 2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியோட ஒரு தப்பான அப்டேட்டால உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்கிரீன்ல நின்னு போச்சே, அவ்வளவு ஆழத்துல இருக்கற சமாச்சாரம், அரைகுறையா எடுத்தா மிச்சம் இருக்கற டிரைவரே தொல்லை கொடுக்கும்.

கடைசியா நெட்டை மாட்டிட்டு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறங்க. வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்ல ரியல் டைம் புரொடெக்‌ஷன் ஆன்ல இருக்கணும், அப்டேட் அமுக்கி இன்னைய தேதி வர வைங்க. செட்டிங்ஸ்க்குள்ள மேனேஜ் புரொவைடர்ஸ்னு இருக்கும், அதுல ஆன்டிவைரஸ் கீழ ஒரே ஒரு பேர்தான் தெரியணும், பழைய பேர் இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்தா துடைச்சது போதலன்னு அர்த்தம். "உங்க அட்மினிஸ்ட்ரேட்டர் இதைக் கட்டுப்படுத்துறார்"ங்கற மாதிரி வந்து ஆன் பண்ணவே விடலன்னா அதை லேசா எடுத்துக்காதீங்க, பழைய சாஃப்ட்வேரோட மிச்சமா இருக்கலாம், வைரஸோட வேலையாவும் இருக்கலாம், அன்னைக்கு பாங்க் வேலையை நிறுத்தி வச்சுட்டு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

பூஸ்டர் பத்தி ரெண்டே வரி. விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கற ரெஜிஸ்ட்ரியை சுத்தம் பண்றேன், ரேமை விடுவிக்கறேன்னு சொல்ற எதுவும் உங்க லேப்டாப்பை வேகமாக்காது, ரேம்ல இருக்கறதை வலுக்கட்டாயமா வெளிய தள்ளினா அது திரும்ப அந்த மெதுவான டிஸ்க்ல இருந்துதான் வரணும், இன்னும் மெதுவாகும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் பயன்படுத்தறதை மைக்ரோசாஃப்டே ஆதரிக்கறதில்ல.

டிஃபெண்டரும் இழுத்தா?

இழுக்கும், முதல் ரெண்டு மூணு நாள் கண்டிப்பா இழுக்கும். டாஸ்க் மேனேஜர்ல "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்"னு ஒரு பேர் மேல வந்து நிக்கும், அதுதான் டிஃபெண்டர், பயப்படாதீங்க. புதுசா வேலைக்கு வந்த காவல்காரர் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாகணும், ஒரு தடவை பார்த்து மாறாம இருக்கற ஃபைலை அடுத்த தடவை சீக்கிரம் விட்டுடும்.

உங்க கடிதத்துல இன்னொரு விஷயம் கவனிச்சேன். திங்கக்கிழமை காலையில மட்டும் ரொம்ப மோசம்னு எழுதியிருக்கீங்க. ஞாயிறு ராத்திரி ஓட வேண்டிய வாராந்திர ஸ்கேன், லேப்டாப் ஆஃப்ல இருந்ததால தவறிப் போய், நீங்க திங்கள் ஆன் பண்ணின உடனே "விட்டதைப் பிடிக்கறேன்"னு ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன். இதுக்கு வழி எளிது. வாரத்துல ஒரு நாள், நீங்க வேலை முடிச்ச பிறகு சார்ஜர்ல மாட்டி, ஸ்லீப் போகாம வச்சு, நீங்களே முழு ஸ்கேனை ஓட விட்டுட்டுப் போயிடுங்க. டிஃபெண்டர் திட்டமிட்ட ஸ்கேனை வழக்கமா கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதுதான் ஓட்டும், ஓட்டினாலும் சிபியுவுல பாதிக்கு மேல எடுக்காத மாதிரிதான் வச்சிருக்காங்க, அதனால அதுக்குக் கொஞ்சம் சும்மா இருக்கற நேரம் கொடுத்தா உங்க வேலை நேரத்துல தலையிடாது.

அது நிஜமாவே வேலை செய்யுதான்னு சந்தேகமா இருந்தா ஐகார்னு ஒரு சோதனை ஃபைல் இருக்கு, 68 எழுத்துதான், எந்தத் தீங்கும் கிடையாது, எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்தா வைரஸ் மாதிரி பிடிக்கணும்னு பொதுவா ஒத்துக்கிட்ட ஒன்னு. அவங்க சைட்ல இருந்து இறக்கிப் பாருங்க, இறங்கின வேகத்துல டிஃபெண்டர் பிடுங்கிட்டா காவல் முழிச்சிருக்குன்னு அர்த்தம்.

புதுசு வாங்கணுமா, இதையே தேத்தலாமா

கடைக்காரர் சொன்னது பொய்னு நான் சொல்லல, ஆனா ஒரு கேள்வி கேக்காம சொல்லியிருக்கார், "எஸ்எஸ்டி போட்டுப் பார்த்தீங்களா"ன்னு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா மாட்டற எஸ்எஸ்டில சுத்தற தட்டும் இல்ல, நகர்ற முள்ளும் இல்ல. உங்க ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு அறுபது எழுபது இடத்துல படிக்குதுன்னு சொன்னேன்ல, சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஆயிரக்கணக்குல, நல்லதா இருந்தா பத்தாயிரக்கணக்குல படிக்கும். ஆன்டிவைரஸ் அதே வேலையைத்தான் செய்யும், ஆனா அந்த இழுவை உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு 240 இல்ல 256 ஜிபியே போதும், பழைய போட்டோ எக்ஸ்டர்னல்ல இருக்கட்டும். ரேமுக்கு ஸ்லாட் காலியா இருந்தா இன்னொரு 4 ஜிபி, ஆனா பத்து வருஷத்து லேப்டாப்னா ரேம் எந்த வகை, டிடிஆர் 3-ஆ, குறைஞ்ச வோல்டேஜ்ல ஓடற டிடிஆர் 3L-ஆ, டிடிஆர் 4-ஆன்னு பார்த்துதான் வாங்கணும், மாத்தி வாங்கினா ஓடாது. ரெண்டுல ஒன்னுதான் முடியும்னா யோசிக்காம எஸ்எஸ்டி.

கடையில கொடுக்கும்போது ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. ஒன்னு, முடிஞ்சா உங்க முன்னாடியே மாத்தச் சொல்லுங்க, பிரவுசர்ல சேவ் பண்ணி வச்ச பாங்க் பாஸ்வேர்டை முன்னாடியே எடுத்துடுங்க. ரெண்டு, கழட்டின பழைய டிஸ்க் உங்க சொத்து, கையோட வாங்கிட்டு வந்துடுங்க, உங்க பத்து வருஷமும் அதுல இருக்கு. "எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கறோம்"னாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

இப்போ நீங்க கேக்காத ஒரு விஷயம், ஆனா எனக்கு ஆன்டிவைரஸை விட இதுதான் கவலை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. "ஆன்டிவைரஸ் இருக்கே, அப்டேட் எதுக்கு"ன்னு எழுதியிருக்கீங்க, அப்டேட்டை நிறுத்தியும் வச்சிருக்கீங்க. ரெண்டும் ஒன்னு இல்லங்க. ஆன்டிவைரஸ் வாசல்ல நிக்கற ஆள், அப்டேட்ங்கறது செவுத்துல விழுந்த ஓட்டையை அடைக்கற கொத்தனார் வேலை. 2017 மே மாசம் வானாகிரை ரான்சம்வேர் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி வரைக்கும் முடக்குச்சே, அது நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே அடைக்கற அப்டேட் கொடுத்தாச்சு, அதைப் போடாத மெஷின்லதான் அது பரவுச்சு. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரைக்கும் விண்டோஸ் 10-லயும் வரும்னு சொல்லியிருக்காங்க, ஆனா அது காவல்காரருக்குப் புதுப் படம் கொடுக்கறது மட்டும்தான், செவுத்து ஓட்டை அப்படியே இருக்கும்.

உங்களுக்கு மூணு வழி இருக்கு. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு பண்ற வசதி வச்சாங்க, வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு அறிவிச்சது, அது உங்க மெஷின்ல காட்டினா முதல்ல அதை எடுங்க, அப்டேட்டையும் திரும்ப ஆன் பண்ணுங்க. ரெண்டாவது விண்டோஸ் 11, ஆனா அதுக்கு டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு வசதி வேணும், சிபியு இன்டெல்னா எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், உங்களோடது தேறாது. குறுக்கு வழியில போட்டுத் தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க, வருமானம் தர்ற மெஷின்ல அந்த விஷப் பரீட்சை வேண்டாம். மூணாவது, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்னு, அது 4 ஜிபி ரேம்ல நல்லா ஓடும், பிரவுசர், பாங்க், ஆன்லைன் கிளாஸ் எல்லாம் நடக்கும், ஆனா உங்க பதிப்பகம் வேர்டுல டிராக் சேஞ்சஸ் போட்டு அனுப்பறாங்கன்னு எழுதியிருக்கீங்க, அங்க வேர்டுக்குப் பதிலா இருக்கற லிப்ரே ஆஃபீஸ்ல அது திறக்கும், பக்க அமைப்பு சில சமயம் நகர்ந்துடும். ஒரு பென் டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம், உங்க நிஜமான புரூஃப் ஃபைல் ஒன்னை அதுல திறந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

என் கணக்குல, இப்போ எஸ்எஸ்டி போட்டு நீட்டிச்ச அப்டேட்டும் எடுத்தா அவசரமில்லாம யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். நாளைக்கு புது லேப்டாப் வாங்கினாலும் அந்த எஸ்எஸ்டியை ஒரு கேஸ்ல போட்டு பேக்கப் டிஸ்க்கா வச்சுக்கலாம், வீணாகாது.

ஒரே நாள்ல எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதீங்க. இந்த வாரம் பேக்கப்பும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவும் மட்டும் போதும். அந்த ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, ரா வேல்யூ கட்டம் தெரியற மாதிரி. அதுல சைபர் இருக்கான்னு பார்த்துட்டு, ஆன்டிவைரஸை எடுக்கற வேலையை எந்த நாள் வச்சுக்கலாம்னு சொல்றேன்.